தலையை எண்ணுவதா, தேவையை எண்ணுவதா?



நீலமலையின் எழில் காண வருவோர் ஏராளம். ஏரியைக் காண்பர், மலரைக் காண்பர், பச்சைப் பட்டு விரித்தாற்போன்ற தேயிலைத் தோட்டம் கண்டு களிப்பர். அந்தத் தோட்டத்தின் ஓரத்திலே, குளிரிலே நடுங்கியபடி எழுத்துக் கற்கும் ஏழைப் பிள்ளைகளைக் காண்போர் எத்தனை பேர்?

அத்தகைய சின்னஞ்சிறு பள்ளியின் பராமரிப்புக்கு ஆண்டுக்கு எவ்வளவு? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதி கூறுகிறது: 30 பிள்ளைகள் வரை ரூ.10,000, 100 வரை ரூ.25,000, 250 வரை ரூ.50,000, 1,000 வரை ரூ.75,000, அதற்கும் மேலென்றால் ரூ.1,00,000. ஆசிரியர் ஊதியம் இதிலே சேராது. அதை மறைத்துப் பேசுதல் நமக்கு அழகன்று.

"தலைக்குக் கணக்கிட்டால் சிறிய பள்ளிக்குத்தானே அதிகம்?" என்பர் கணக்கர். உண்மைதான். 30 பேர் பள்ளியிலே தலைக்கு 333 ரூபாய். 1,000 பேர் பள்ளியிலே 75 ரூபாய். ஆனால் கூரை, தலையை எண்ணிப் பார்த்தா ஒழுகுகிறது? கூடலூரிலும் பந்தலூரிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது, பிள்ளைகள் குறைவென்று இரக்கம் காட்டுகிறதா? கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையேறி வரும் சிமெண்ட் மூட்டைக்கு வண்டிக்கூலி குறைகிறதா?

பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் வாழும் குடியிருப்புகள் சிறியவை, சிதறிக் கிடப்பவை. ஊர் சிறிதாகையால் பள்ளியும் சிறிதாயிற்று. அது பிள்ளை செய்த குற்றமா? 1964ஆம் ஆண்டு சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த தமிழர்க்கு வாழ்வளிக்க 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டம் இங்கே தோன்றிற்று. அக்கரையிலே கொழுந்து கிள்ளிய கை, இக்கரையிலும் கிள்ளிற்று. அவர்தம் பேரப்பிள்ளையின் கையிலாவது ஏடு தவழ வேண்டாமா?

நெதர்லாந்து நாடு 1985இலே ஒரு வழி கண்டது. கல்வி குன்றிய பெற்றோரின் பிள்ளையை ஒன்றேகால் பிள்ளையாக எண்ணிற்று. குடியேறி வந்த அத்தகைய பெற்றோரின் பிள்ளையை ஏறத்தாழ இரண்டாக எண்ணிற்று. எண்ணிக்கை ஏற, ஆசிரியரும் பணமும் ஏறின. பசித்த வயிற்றுக்கு முதலில் சோறு என்று 1956இலே மதிய உணவு தந்த நாட்டுக்கு இந்த நீதி புதிதா?

சட்டமும் நம் பக்கமே நிற்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழு வகுக்கும் வளர்ச்சித் திட்டமே மானியத்துக்கு அடிப்படை என்கிறது. அக்குழுவிலே முக்கால் பங்கினர் பெற்றோர். தேவையைச் சொல்லும் உரிமை அவர்க்கு. கேட்கும் கடமை அரசுக்கு!

ஆகவே தோழர்களே, குன்னூரிலும் கோத்தகிரியிலும் கொடி கட்டும் கரங்கள் ஏடும் எழுதுகோலும் ஏந்தட்டும். குழுக் கூட்டத்துக்குத் தோட்டத் தாய்மாரை அழைத்துச் செல்லுங்கள். ஒழுகும் கூரை எத்தனை, வறண்ட குழாய் எத்தனை, காட்டுவழி நடக்கும் பிள்ளை எத்தனை என எழுதச் செய்யுங்கள். ஆளுவோர் மேசையிலே தலைக்கணக்கு கிடக்கிறது. அதன் அருகே தேவைக் கணக்கை வைப்போம்!