வலிப்பும் எலும்பு முறிவும்



சில ஆண்டுகளுக்கு முன், ஞாயிறு திருப்பலியின்போது இளைஞர் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தார். நால்வர் ஓடிவந்து அவர் கைகால்களை அழுத்திப் பிடித்தனர். "இரும்பு, இரும்பு" என்று ஒருவர் கூவ, கோவில் சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்தவர் நாமே. வலிப்பு நின்றது, சாவியால் நின்றதென்றே எல்லாரும் எண்ணினோம்.

அன்று முதல் அவரால் வலக்கையைத் தூக்க இயலவில்லை. நோய் வெளியே தெரிந்தால் தங்கையின் திருமணம் தடைப்படுமே என்றஞ்சிய வீட்டார், சுளுக்கென்று சொல்லி மூன்று வாரம் எண்ணெய் தேய்த்தனர். பின்னர் எக்ஸ்ரே எடுத்தபோதுதான், தோள்மூட்டு பின்புறமாக விலகி எலும்பும் முறிந்திருப்பது தெரிந்தது. இன்றும் சிலுவை அடையாளம் வரைய அவர் கை நெற்றிவரை எளிதில் எழுவதில்லை.

மூளையில் மின்விசை கட்டுக்கடங்காது எழுவதே வலிப்பு. அப்போது தசைகள் அனைத்தும் ஒருங்கே இறுகுகின்றன. கீழே விழாவிடினும், அவ்விறுக்கமே தோள்மூட்டை விலக்கவும் முதுகெலும்பை முறிக்கவும் வல்லது. அழுத்திப் பிடித்தால் தீங்கு மிகும். பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் வலிப்பு தானே அடங்கும். இரும்புக்கு அதில் பங்கில்லை.

மற்றொன்றும் உண்டு. ஃபெனிடாயின், பீனோபார்பிடோன் போன்ற மருந்துகளை நெடுங்காலம் உட்கொள்வோருக்கு வைட்டமின் டி குறைந்து எலும்பு மெலியக்கூடும். அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்துதல் பேராபத்து. வலிப்பு முன்னினும் கடுமையாகத் திரும்பலாம். எலும்பைக் காக்க வைட்டமின் டி, கால்சியம் தேவையா என்று மருத்துவரையே கேளுங்கள்.

வலிப்பு வந்தால் அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றித் தலைக்கடியில் துணியை மடித்து வையுங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டாம். உதறல் அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடங்கள் கடந்தும் நிற்காவிடில் மருத்துவமனைக்கு விரையுங்கள். தெளிந்தபின் தோளோ முதுகோ இடுப்போ வலித்தால், தைலத்தில் நாளைக் கடத்தாமல் எக்ஸ்ரே எடுங்கள்.

மாற்கு நற்செய்தி 9-ஆம் அதிகாரத்தில், தீயிலும் நீரிலும் விழுந்து வருந்திய சிறுவனை நாம் காண்கிறோம். இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்று ஆண்டவர் முதலில் தந்தையிடம் வினவினார். எல்லாம் அடங்கியபின் சிறுவனின் கையைப் பிடித்துத் தூக்கினார். நாமும் அவ்வாறே பரிவோடு வினவுவோம். அக்குடும்பங்கள் மறைக்கத் தேவையில்லாத பங்காக நம் பங்கு விளங்கட்டும்.