நூத்தி எண்பத்திரண்டாவது நாள்

நம்ம பெருந்துறைப் பக்கம் வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டில் இருக்கிற காலம் இது. வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆகியும், லீவுக்கு வருகிற பிள்ளைகள் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு என் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். "மாமா, நான் எத்தனை நாள் இங்க இருந்தேன்னு கொஞ்சம் எண்ணிச் சொல்லுங்க" என்பார்கள். முத்திரை பாதி அழிந்திருக்கும், ஒன்றின் மேல் ஒன்று குத்தியிருக்கும். காலண்டரை வைத்துக்கொண்டு எண்ணுவேன்.

எதற்கு இந்த எண்ணிக்கை? வருமானவரிச் சட்டத்தில் ஏப்ரல் முதல் மார்ச் வரை 182 நாள் இந்தியாவில் இருந்துவிட்டால் அந்த வருடத்துக்கு நீங்கள் இங்கே வசிப்பவர். உள்ளூர் வருமானம் 15 லட்சத்துக்கு மேல் இருந்து, முந்தைய நாலு வருடத்தில் 365 நாள் இங்கே இருந்தவர்களுக்கு 2020இல் இருந்து அந்த வரம்பு 120 நாள். வந்த நாளைச் சேர்ப்பதா கூடாதா என்பதில் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் உண்டு. வம்பு வேண்டாம் என்று ஆடிட்டர்கள் வந்த நாள், போன நாள் இரண்டையும் சேர்த்தே எண்ணுவார்கள்.

எனக்கு உறவில் ஒரு பையன், 2016இல் மஸ்கட் போனவன். 2023 ஏப்ரலில் நோம்பிக்கு வந்து 22 நாள் இருந்தான். ஆகஸ்டில் அப்பாவுக்குப் பக்கவாதம். சம்பளமில்லா விடுப்பு போட்டு 10ஆம் தேதி வந்தான். மூத்திரத்துணி மாற்றுவதில் இருந்து எல்லாம் அவன்தான். பொங்கல் அன்று, 2024 ஜனவரி 15, கோவையில் விமானம் ஏறினான். கூட்டிப் பாருங்கள்: 22உம் 159உம், 181 நாள். மாசியில் அப்பா போய்ச் சேர்ந்தார். கொள்ளி வைக்க வந்து இறங்கினானே, அதுதான் 182ஆவது நாள்.

முந்தைய ஏழு வருடத்தில் 730 நாளையும் அவன் தாண்டியிருந்தான். கொரோனாவில் இங்கே மாட்டிக்கொண்ட மாதங்களும் அதில் சேர்த்தி. ஆகவே மஸ்கட் சம்பளத்துக்கும் இங்கே வரிக்கணக்கு காட்டச் சொல்கிறது சட்டம். இரு நாட்டு ஒப்பந்தத்தைக் காட்டி வாதாடலாம் என்கிறார் அவனுடைய ஆடிட்டர். வாதாடுவதற்கும் காசு வேண்டுமே.

கொரோனா சமயத்தில் 2020 மார்ச் 22 முதல் 31 வரை மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்தப் பத்து நாளைக் கழித்துக்கொள்ளலாம் என்று மே மாதம் சுற்றறிக்கை வந்தது. அடுத்த நிதியாண்டுக்கும் அதுபோல வரும் என்று காத்திருந்தார்கள். 2021 மார்ச்சில் வந்த சுற்றறிக்கை பொதுவாக விலக்கு தரவில்லை. இரட்டை வரி விழுந்தால் படிவம் நிரப்பித் தெரிவியுங்கள் என்றதோடு சரி.

இன்னொன்றும் உண்டு. பாஸ்போர்ட் முடக்கப்பட்டதால் வெளியே போக முடியாத ஒருவரின் வழக்கில், அப்படிக் கட்டாயமாக இருந்த நாள்களைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று தில்லி உயர்நீதிமன்றம் 2015இல் சொன்னது. நியாயமான தீர்ப்புதான். ஆனால் பாஸ்போர்ட் பையிலேயே இருந்தும், படுக்கையில் கிடக்கும் அப்பனை விட்டு நகர முடியாதவனுக்கு அதைப் பொருத்திச் சொல்ல யாரும் இல்லை.

விலக்கு கொடுத்தால் பணக்காரர்கள் புகுந்து விளையாடுவார்கள் என்பார்கள். வாஸ்தவம், 120 நாள் விதி வந்ததே அவர்களால்தான். அதற்கு ஒரு உச்சவரம்பு வைத்தால் போதும். பிரிட்டனில் நள்ளிரவில் அங்கே இருந்தால்தான் பொதுவாக அது ஒரு நாள். தன் கையை மீறிய அசாதாரண காரணத்தால் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை கழித்துக்கொள்ளலாம். அமெரிக்காவில், போன இடத்தில் நோயில் விழுந்து கிளம்ப முடியாமல் போன நாள்களுக்கு விலக்கு உண்டு. நாமும் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டினால், பெற்றோரைப் பார்த்துக்கொண்ட நாள்களில் 60ஐக் கழிக்கலாம். சாவுக்கு வருகிற பதினாறு நாளை எண்ணவே வேண்டாம்.

அதுவரைக்கும் வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டு, வந்த தேதி, போன தேதி எழுதிவையுங்கள், போர்டிங் பாஸையும் அதிலேயே ஒட்டிவையுங்கள். சிங்கப்பூரில் முத்திரை குத்துவதையே நிறுத்திவிட்டார்கள். எண்ணித் தரச் சொல்லி என்னிடம் வந்தாலும், எண்ணுவதற்குப் பக்கத்தில் ஏதாவது இருக்க வேண்டுமல்லவா?