ஓடுபாதை தேடும் கடல் விமானம்

கொச்சி போல்காட்டியின் காயலிலிருந்து புறப்பட்ட சிறு விமானம் ஒன்று, 2024 நவம்பர் 11-ஆம் தேதி இடுக்கி மாவட்டத்தின் மாட்டுப்பட்டி நீர்த்தேக்கத்தில் இறங்கியது. தொலைக்காட்சிகள் அந்தக் காட்சியையே திரும்பத் திரும்பக் காட்டின. என் கவனத்தை ஈர்த்ததோ அதற்கு முந்தைய, பலரும் பொருட்படுத்தாத நிகழ்வு. அதே விமானம் முன்னதாக நெடும்பாசேரி விமான நிலையத்தின் ஓடுபாதையில், பிற விமானங்களைப் போலவே சக்கரம் ஊன்றித் தரையிறங்கியிருந்தது.

2020 அக்டோபரில், மாலத்தீவிலிருந்து குஜராத்துக்குச் சென்ற ட்வின் ஆட்டர் வகைக் கடல் விமானம் எரிபொருள் நிரப்பக் கொச்சியில் இறங்கியது. ஆனால், அது இறங்கியது ஓடுபாதையில் அல்ல. வெண்டுருத்தி கால்வாயின் நீர்ப்பரப்பில். அதற்கு மிதவைகள் உண்டு, சக்கரங்கள் இல்லை. சபர்மதி ஆற்றையும் கேவடியாவையும் இணைத்து அக்டோபர் 31-ஆம் தேதி அதன் சேவை ஆரவாரத்துடன் தொடங்கியது. பராமரிப்புக்காக அந்த விமானம் மாலத்தீவுக்கே திரும்பிச் செல்ல வேண்டியிருந்தது. 2021 ஏப்ரலில் சேவை நின்றுபோனது. இதற்கிடையே, 2021 ஜனவரியில் கேவடியாவுக்கு ரயிலும் வந்துவிட்டது.

இவ்விரு விமானங்களுக்கும் இடையிலான வேறுபாடு, மிதவைக்குள் மடங்கியிருக்கும் சிறு சக்கரங்கள்தான். அவற்றை இறக்கினால் ஓடுபாதை, மடக்கினால் நீர்ப்பரப்பு. சக்கரத்தை இறக்க மறந்து ஓடுபாதையைத் தொட்டால், பெரும்பாலும் மிதவையின் அடிப்பகுதி சிராய்ப்பதோடு போகும். மடக்க மறந்து நீரைத் தொட்டாலோ விமானம் தலைகுப்புறக் கவிழக்கூடும். எனவேதான், இறங்குமிடம் நிலமா, நீரா என்பதை ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லி உறுதிசெய்யும் பழக்கம் விமானிகளுக்குக் கற்பிக்கப்படுகிறது.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், இந்தச் சக்கரங்களின் விலையையும் நான் கணக்கிட்டுப் பார்க்கிறேன். சக்கரங்களுடன் மட்டும் பறக்கும்போது ட்வின் ஆட்டர் 19 பயணிகளை ஏற்றும். மிதவை பொருத்தினால் சுமார் 15 பேருக்குத்தான் இடம். மிதவையில் சக்கரமும் சேர்ந்தால் எடை மேலும் கூடும். வருவாய் தரும் இருக்கைகள் மேலும் குறையும். பொதுவாகப் பகல் வெளிச்சத்தில்தான் நீரில் இறங்க முடியும் என்பதால், விமானத்தின் நிலைச் செலவை ஈடுகட்டக் கிடைக்கும் பயணங்களும் சிலவே. கடல்நீரின் உப்பு உலோகத்தை அரிப்பதால், நன்னீரால் அடிக்கடி கழுவியாக வேண்டும்.

ஆயினும், அந்தச் சக்கரங்கள் வீண் செலவு அல்ல. கழுவவும், பழுது பார்க்கவும், எரிபொருள் நிரப்பவும், இரவில் நிறுத்தவும் ஏற்கெனவே உள்ள விமான நிலையமே போதும் என்ற நிலையை அவை தருகின்றன. மாலத்தீவில் கடல் விமானங்கள் நூற்றுக்கணக்கில் பறந்து இறங்குவதால் நீரோரத்திலேயே பராமரிப்பு வசதிகளை அமைக்க முடிகிறது. ஓரிரு விமானங்களை நம்பி இங்கு அப்படிச் செய்வது பொதுப் பணத்தை நீரில் கரைப்பதாகும்.

சக்கரம் எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிடாது என்பதும் உண்மை. அந்தமானில் 2010 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'ஜல் ஹன்ஸ்' விமானம் நீரிலும் நிலத்திலும் இறங்கக்கூடியதே, அதுவும் நிலைக்கவில்லை. கேரளம் 2013-இல் மேற்கொண்ட முயற்சி, தங்கள் வாழ்வாதாரம் பறிபோகும் என்று அஞ்சிய மீனவர்களின் எதிர்ப்பால் முடங்கியது. மாட்டுப்பட்டியிலோ யானைகளின் நடமாட்டம் குறித்து வனத்துறை கவலை தெரிவித்தது. பயன் ஒருவருக்கும் இழப்பு வேறொருவருக்கும் என்றால், அத்திட்டத்துக்குச் சமூக ஒப்புதல் கிடைப்பது கடினம்.

கேள்வி, மானியம் யாருக்கு என்பதே. 'உடான்' திட்டத்தின் நிதியில் கணிசமான பகுதி, பிற உள்நாட்டு விமானங்கள் மீதான தீர்வையிலிருந்து வருகிறது. அச்சுமை இறுதியில் சாதாரணப் பயணியின் மீதே விழுகிறது. சாலையும் ரயிலும் உள்ள சுற்றுலாத் தலத்துக்கு அந்தப் பணத்தைச் செலவிடுவதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

லட்சத்தீவின் நிலை வேறு. மக்கள் வாழும் பத்துத் தீவுகளில் அகத்தியில் மட்டுமே விமான நிலையம் உண்டு. கொச்சியிலிருந்து கப்பலில் செல்ல 14 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அவசர நோயாளிகள் ஹெலிகாப்டருக்காகக் காத்திருக்கிறார்கள். பவளத் திட்டுகள் அரணாக நிற்கும் அமைதியான நீர்ப்பரப்பில் இறங்கி, நோயாளியை ஏற்றிக்கொண்டு, கொச்சியின் ஓடுபாதையில் சக்கரம் ஊன்றும் விமானம் அங்கு ஆடம்பரம் அல்ல. பருவமழைக் காலத்தில் அதன் பயன் குறையும் என்பதையும் ஏற்கத்தான் வேண்டும். ஹெலிகாப்டருக்குத் துணையாகவே அது இருக்க முடியும்.

எனவே, அடுத்த கடல் விமான ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அரசு மூன்று கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். மாற்றுப் போக்குவரத்து உண்டா? பழுது பார்க்கும் இடம் இந்தியாவில் உள்ளதா? அந்த நீரை நம்பி வாழ்வோரிடம் கலந்து பேசினோமா? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகு தொடக்க விழாவுக்கு நாள் குறிக்கலாம்.