லினக்ஸ் வழங்கலும் அனுபவ முதிர்ச்சியும்

நமது கலாசாலை விடுதிகளில் இராப்போஜனம் முடிந்தபின் மாணாக்கர் கூடி வாதிக்கும் விஷயங்கள் பல. அவற்றுள் சில ஆண்டுகளாகத் தவறாது இடம்பெற்று வருவதொன்று, லினக்ஸ் வழங்கல்களுள் எது சிறந்தது என்பதாம். ஒருவர் உபுண்டுவே போதும் என்பர். மற்றொருவர், அது நடைபயிலும் குழந்தையின் கைவண்டி, வல்லார்க்கு உரியது ஆர்ச்சே என்று எள்ளுவர். மூன்றாமவர் டெபியன் என்று ஒரு சொற் சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பர். இவ்வாதத்தைப் பல்லாண்டு கேட்டும், ஒரு காலத்தில் அதிற் கலந்து குரலெழுப்பியும் இருந்த நமக்கு ஓருண்மை புலனாயிற்று. மூவரும் ஒரே சாலையில் வெவ்வேறு மைல்கற்களின் அருகே நின்றுகொண்டு, தாம் நிற்குமிடமே ஊர் என்று சாதிக்கின்றனர் என்பதே அது. இதனைச் சிறிது விரித்துரைத்தல் இளைய மாணாக்கர்க்குப் பயன்படுமென நம்புகின்றோம்.

வழங்கல் என்பது யாதென முதற்கண் கூறுதல் முறை. 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 25ஆம் நாள், பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் மாணாக்கராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக அறிவித்தார். அப்போது அவர்க்கு வயது 21. அவர் எழுதியது, கணினியின் உறுப்புக்களை ஆளும் கர்னல் என்னும் உட்கரு மாத்திரமே. கோப்புக்களைக் கையாளல், நிரல்களைத் தொகுத்தல் முதலிய தொழில்களுக்கு வேண்டிய கருவிகளிற் பல, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனு திட்டத்தின் வழி வந்தன. இவ்வாறு பற்பல இடங்களிற் பிறந்தவற்றை ஒன்றுகூட்டி, ஒன்றோடொன்று பொருந்தச் செய்து, நிறுவுதற்கும் புதுப்பித்தற்கும் வழிவகுத்துத் தருவார் வேண்டியதாயிற்று. அங்ஙனம் கூட்டித் தரப்படுவதே வழங்கல். மாணாக்கர் நாவில் அது டிஸ்ட்ரோ. 1993இல் பாட்ரிக் வோல்கர்டிங் என்பார் ஸ்லாக்வேரையும், இயன் மர்டாக் என்பார் டெபியனையும் தோற்றுவித்தனர். அவ்விரண்டும் இன்றளவும் வழங்கி வருகின்றன. அவற்றின் பின் வந்தவை நூற்றுக்கணக்கின. அரிசியும் உளுந்தும் ஒன்றேயாயினும் ஒரு வீட்டில் இட்டலியும் மறுவீட்டில் தோசையும் ஆவதுபோல, உட்கரு ஒன்றாயிருந்தும் வழங்கல்கள் பலவாயின.

இனி, முதன்முதல் லினக்ஸை நாடி வருவோர் வேண்டுவது யாது? மடிக்கணினி பழுதின்றித் திறக்கவேண்டும். கம்பியில்லா இணைப்புக் கிட்டவேண்டும். தமிழெழுத்துச் சிதையாது தோன்றவேண்டும். யாவற்றினும் மேலாக, நிறுவுங்கால் பழைய கோப்புக்கள் அழியாதிருத்தல் வேண்டும். அச்சமே அவர்தம் முதற்றுணை. அவ்வச்சத்தை மதித்து ஆக்கப்பட்டது உபுண்டு. டெபியனை அடிப்படையாகக் கொண்டு, தென்னாப்பிரிக்கராகிய மார்க் ஷட்டில்வொர்த்தின் முயற்சியால் அதன் முதற்பதிப்பு 2004ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வெளிவந்தது. இணைய வேகம் குறைந்திருந்த அந்நாளில், கேட்டவர்க்குக் குறுந்தகடுகளை விலையின்றித் தபால்வழி அனுப்பியதும் உண்டு. 2006இல் எழுந்த லினக்ஸ் மின்ட், விண்டோஸிற் பழகி வருவார்க்கு மருட்சி தராத முகப்பினால் பெயர்பெற்றது. நம் நாட்டிலும் சி-டாக் நிறுவனத்தார் டெபியனை அடியாக வைத்து, இந்திய மொழிகளுக்கு இடந்தந்து, பாஸ் என்னும் வழங்கலை ஆக்கினர். இவற்றுள் ஒன்றை ஏற்றுக்கொண்டு, ஆயுள்முழுதும் வேறொன்றை நாடாது, தம் ஆராய்ச்சியையோ கணக்கையோ செவ்வனே செய்து வருவோர் பலர். அவர் எதனையும் இழந்தவரல்லர்.

ஆயினும் இளையோர் பலர்க்கு ஓராண்டு கழியுமுன் அச்சம் நீங்குகின்றது; அச்சம் நீங்கிய இடத்தில் ஆவல் குடிபுகுகின்றது. வாரந்தோறும் ஒரு வழங்கலை நிறுவுவதும், மறுவாரம் அதனை அழிப்பதுமாகத் தாவித் திரியும் காலம் இதுவே. இறுதியில் ஆர்ச், ஜென்டூ இவற்றின் வாயிலில் வந்து நிற்பர். 2002இல் ஜட் வினெட் என்பார் வெளியிட்ட ஆர்ச்சினை நிறுவ வேண்டுமாயின், வட்டினைப் பகுப்பதும், உட்கருவை இடுவதும், கணினி திறக்கும் முறையை அமைப்பதும் ஆகிய யாவும் கட்டளை எழுதியே செய்தல் மரபு. 2021இல் வழிகாட்டும் நிறுவல் நிரல் ஒன்று அதனோடு சேர்க்கப்பட்ட பின்னரும், கையால் நிறுவுதலையே பெருமையாகக் கொள்வோர் மிகுதி. ஜென்டூவிலோ, மென்பொருளை மூலநிரலிலிருந்து தத்தம் கணினியிலேயே தொகுத்துக்கொள்வது வழக்கம். பெரியதோர் உலாவியைத் தொகுக்கச் சிறிய கணினிக்குப் பல மணிநேரம் செல்லும்.

இப்பருவத்தை வீண் என்று கூற நாம் ஒருப்படோம். கணினி எவ்வாறு விழிக்கின்றது, கோப்பின் உரிமைகள் எவை, பின்னணியில் ஓடும் பணிகள் யாவை என்பவற்றைப் பாடப்புத்தகம் சொல்லக் கேட்டு மறந்தவர், தம் கணினியைத் தாமே கெடுத்துத் தாமே திருத்தியபோது மறவாது கற்றனர். நீச்சலைக் கரையிலிருந்து கற்றார் யாருமிலர். ஆயின் இப்பருவத்திற்கு உரிய நோய் ஒன்றுண்டு. கருவியைப் பேணுவதையே தொழில் என்று எண்ணிவிடுவதாம் அது. நாள்தோறும் அரிவாளைத் தீட்டுவோன், கதிர் உதிர்ந்தபின் வயலுக்குச் சென்று யாது பயன்?

இதனை நாம் பட்டே அறிந்தோம். ஆர்ச் போன்றவை உருள்வழங்கல் எனப்படும். தனித்தனிப் பதிப்பென்பதின்றி, புதிய மென்பொருள் வெளிவருந்தோறும் ஆறுபோல் வந்துகொண்டேயிருக்கும். நாம் மாணாக்கராயிருந்த காலத்து, ஆய்வறிக்கை ஒப்புவிக்கவேண்டிய நாளுக்கு முந்தின இரவு, யாதொரு தேவையுமின்றி, எல்லாவற்றையும் புதுப்பித்தோம். மறுபடி திறந்தபோது திரை இருண்டே கிடந்தது. உட்கரு புதியதாகவும், திரையை இயக்கும் நிரல் அதற்கு ஒவ்வாத பழையதாகவும் நின்றமையே காரணம். குற்றம் நம்முடையது, புதுப்பிக்குமுன் அவ்வழங்கலார் இட்டிருந்த அறிவிப்பை நாம் படித்தோமில்லை. யூஎஸ்பி நினைவகம் ஒன்றினின்று கணினியைத் திறந்து, கோப்புக்களை மீட்டு, கோழி கூவும் வேளையில் அறிக்கையை ஒருவாறு முடித்தோம். அவ்விரவு கற்றது மிகுதி. ஆயின் அறிக்கையின் கடைசி அத்தியாயம் மெலிந்துபோயிற்று. அதனைப் படித்த ஆசிரியர்க்கு நாம் கற்ற வித்தை புலப்படவுமில்லை.

இத்தகைய இரவுகள் ஒன்றிரண்டைக் கண்டபின், மனத்துள் எழும் கேள்வி மாறுகின்றது. முதற்பருவத்தில், "என்னால் இயலுமோ?" என்றிருந்தது, இரண்டாம் பருவத்தில், "இன்னும் என்னென்ன இயலும்?" என்றாயிற்று, இப்போது, "நாளை காலை என் வேலை நடக்குமா?" என்று ஆகின்றது. இக்கேள்விக்கு விடையாக அமைந்தவை டெபியன் நிலைப்பதிப்புப் போன்றவை. ஏறக்குறைய ஈராண்டுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வரும். 12ஆம் பதிப்பு 2023 ஜூனிலும், 13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டிலும் வந்தன. இடைக்காலத்தில் பெரும்பாலும் காவற்குறைகளும் கொடிய பிழைகளுமே திருத்தப்படும்; புதுமைக்காகப் புதுமை புகாது. உபுண்டுவும் ஈராண்டுக்கொருமுறை நெடுங்காலப் பதிப்பொன்றை வெளியிட்டு, ஐந்தாண்டு பேணிக் காக்கின்றது. உட்கருவை ஆக்கிய டோர்வால்ட்ஸே ஃபெடோராவை ஆள்பவர். எளிதில் நிறுவப்படுவதே தமக்கு வேண்டும், தம் பொழுது உட்கருவுக்கு உரியது என்னும் கருத்தை அவர் வெளிப்படையாகவே உரைத்துள்ளார். வல்லார்க்கு எளியது தகாது என்று வாதிப்போர் இதனைச் சற்றே சிந்திப்பாராக.

உபுண்டுவில் தொடங்கி, ஊரெல்லாம் சுற்றி, உபுண்டுவுக்கோ டெபியனுக்கோ மீண்டவரைப் பார்த்து, கெட்ட குமாரன் வீடு திரும்பினான் என்று நகைப்பாரும் உளர். உவமை முழுதும் பொருந்தாது. அவன் வெறுங்கையனாய்த் திரும்பினான். இவரோ அறிவென்னும் பொருளைத் தேடிக்கொண்டு திரும்புகின்றனர். முன்பு வேறு வழியறியாமையால் அவ்வீட்டில் இருந்தனர்; இப்போது பிற வீடுகளையும் கண்டறிந்து, விரும்பி அமர்கின்றனர். ஏதேனும் பழுது நேரின், முன்போல் அழித்துப் புதிதாய் நிறுவாமல், குறை எங்குளதெனக் கண்டு திருத்துகின்றனர். வீட்டைவிட்டு நீங்காத மூத்த குமாரனும் முணுமுணுக்க வேண்டுவதில்லை. அவனுக்குரியது ஒன்றும் குறைந்துபோகவில்லை.

அனுபவமுடையார் யாவரும் மீண்டே தீர்வர் என்பதும் நம் துணிபன்று. பத்தாண்டாக ஆர்ச்சிலேயே இருந்து, அறிவிப்புக்களை ஒழுங்காகப் படித்து, ஒருநாளும் இடர்ப்படாத நண்பர்களையும் நாம் அறிவோம். அவரும் நிலைபேற்றையே நாடினர். அதனைத் தம் விழிப்பினால் ஈட்டிக்கொண்டனர். அன்றியும், புதுமையை முன்சென்று ஏற்பார் இல்லையேல் நிலைத்ததைப் பற்றி நிற்போர்க்கும் காவலில்லை. இதற்குச் சான்று 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளிப்பட்ட சதியாம். எக்ஸ்இசட் என்னும் சுருக்கு மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புக்களில் எவரோ ஒரு கள்ளவாயிலை மறைத்து வைத்திருந்தனர். தொலைவிலுள்ள கணினிகளுக்குள் அயலார் நுழைய வழிசெய்வது அது. விரைந்து புதுப்பிக்கும் சில வழங்கல்களில் அப்பதிப்புக்கள் புகுந்துவிட்டன. டெபியன் நிலைப்பதிப்பிற் புகவில்லை. மந்தநடையே அங்கு மதிலாயிற்று. ஆயின் அதனைக் கண்டுபிடித்தவர் யார்? டெபியனின் நிலையாப் பதிப்பை ஆண்டுகொண்டிருந்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்பார். தொலைக்கணினியில் நுழையுங்கால் வழக்கத்தினும் அரைநொடி தாமதிப்பதைக் கண்டு, காரணந்தேடி, சதியை உலகறியச் செய்தார். நிலைப்பதிப்பினர் இனிது உறங்கியது, நிலையாப் பதிப்பினர் ஒருவர் விழித்திருந்தமையால் என்க. ஒருவர் மற்றவரை இகழ இடமேது?

இனி, நாலாம் பருவம் ஒன்றுளது. பிறர் கணினிகளுக்கும் பொறுப்பேற்பார்க்கு அது வாய்க்கும். ஆய்வுக்கூடத்தில் நாற்பது கணினிகளையோ, ஓர் அலுவலகத்தின் வழங்கிகளையோ காப்பவர், "இது நன்றாயுளதா?" என்பதோடு நில்லாது, "இதனை ஆள்வோர் யார்? எத்துணைக்காலம் காப்பர்?" என்றும் கேட்பர். 2029 வரை பேணப்படும் என நம்பப்பட்டிருந்த சென்ட்ஓஎஸ் 8, 2021ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்படுமென 2020 டிசம்பரில் ரெட்ஹாட் நிறுவனத்தார் அறிவித்தபோது, அதனை நம்பி வழங்கிகளை அமைத்தோர் திகைத்தனர். அத்திகைப்பினின்றே 2021இல் ராக்கி லினக்ஸும் அல்மா லினக்ஸும் எழுந்தன. டெபியனுக்கோ தனியுடைமையாளர் இலர். ஆக்குவோர் ஆண்டுதோறும் தம் தலைவரைத் தாமே தேர்கின்றனர். முகப்பின் அழகை நோக்கி வழங்கலைத் தேர்ந்தவர், அனுபவம் முதிர, அதனைப் பேணும் சமூகத்தின் உறுதியை நோக்கித் தேர்கின்றனர் என்பது இதனாற் பெறப்படும்.

இவற்றையெல்லாம் நாம் ஈண்டு எழுத நேர்ந்ததற்குக் காரணமொன்றுண்டு. சென்ற ஆண்டு முதலாண்டு மாணாக்கர் ஒருவர், வீட்டார் கடன்பட்டு வாங்கித் தந்த மடிக்கணினியில் லினக்ஸ் இட்டுத் தருமாறு மூத்த மாணாக்கர் ஒருவரைக் கேட்டார். மூத்தவர் நல்லெண்ணத்தோடு, தமக்கு விருப்பமான கடினமான வழங்கலையே இட்டுத் தந்தார். ஒரு திங்களுக்குள் அது புதுப்பித்தலில் இடறிற்று. தேர்வுக்காலமாதலின் மூத்தவர்க்கு ஓய்வில்லை. இளையவர், லினக்ஸ் தம்போன்றார்க்கு உரியதன்று என முடிவு செய்து, அதனை அடியோடு நீக்கிவிட்டார். இலவசமாகவும் உரிமையோடும் கற்றற்குரிய ஒரு கலை, வறிய மாணாக்கர் ஒருவர்க்கு இவ்வாறு அடைபட்டது. மூத்தவர் தம் பருவத்தின் விடையை இளையவரின் கேள்விக்கு அளித்ததே பிழையாயிற்று.

ஆதலின் நம் மாணாக்கர்க்கு நாம் கூறுவது இது. நீவிர் திரிய விரும்பின் திரிமின். ஆயின் கோப்புக்களின் படியொன்றை வேறிடத்தில் வைத்துவிட்டுத் திரிமின். தேர்வுக்கு முந்தின இரவில் திரியாதிருமின். பிறர்க்கு நிறுவித் தருங்கால், உமது விருப்பத்தை மறந்து, அவர்தம் தொழிலையும், பழுதுற்றால் நீர் எத்துணை நாழிகை உதவக்கூடும் என்பதையும் எண்ணுமின். எளியதை ஆள்வோரை எளியரென எண்ணாதேயுங்கள். அவர் உமக்கு முன்னே அச்சாலையிற் சென்று மீண்டவராயிருத்தலும் கூடும். எவ்வழங்கலாயினும், அதனால் ஆற்றப்பட்ட பணியே பின்னாளில் எஞ்சி நிற்பது. அப்பணி நன்கு நடைபெற, கருவி தன்னை மறக்கச் செய்யுமாயின், அதுவே நல்ல வழங்கல் என்பது நம் கருத்து.