கணக்கர் ஒருவர், சங்கம் பல

நம் காலனிகள் பலவற்றில் வீட்டுமனைச் சங்கம் இருக்கிறது. மனைப்பட்டா கேட்டு மனு எழுதுவதும், தொகுப்பு வீட்டுக்குத் தவணை வராதபோது ஒன்றிய அலுவலகத்துக்கு நடப்பதும் அந்தச் சங்கம்தான். 7 பேர் சேர்ந்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்துவிடலாம். அதன் பிறகுதான் பாடு. ஆண்டுதோறும் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். கூலி வேலைக்குப் போகிற செயலாளர் இதை எந்த நாளில் செய்வார்?

பெரிய அமைப்போடு இணைந்துவிடுங்கள் என்கிறார்கள். பிரிட்டனில் கறுப்பின, சிறுபான்மை மக்கள் தங்களுக்கென்று வீட்டுவசதிச் சங்கங்கள் நடத்தினார்கள். 1986 முதல் அரசு அமைப்பே திட்டம் போட்டு வளர்த்தது. பின்னாளில் அவற்றில் பல, பெரிய சங்கங்களில் கரைந்தன. வீடுகள் அங்கேயேதான் நிற்கின்றன. முடிவெடுக்கும் மேசைதான் இடம் மாறிவிட்டது.

நாம் கேட்பது வேறு. அக்கம்பக்கத்து ஊர்களின் பத்துச் சங்கங்கள் சேர்ந்து ஒரு கணக்கரை வைத்துக்கொள்ளலாம். நிலம் நத்தமா, புறம்போக்கா, பஞ்சமியா என்று பழைய பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல ஒரு வழக்கறிஞர். சுவரையும் கூரையையும் பார்க்க ஒரு பொறியாளர். பணம் அவரவர் சங்கத்தின் வங்கிக் கணக்கிலேயே இருக்கட்டும். சம்பளத்தைக் குடும்ப எண்ணிக்கைப்படி பிரித்தால் சின்னக் காலனிக்குச் சுமை இருக்காது. உட்சாதி பார்த்து நமக்குள்ளேயே பேசாமல் இருக்கிறோமே, அந்தப் பேச்சும் இதில் தொடங்கியாக வேண்டும். கணக்கர் எந்தத் தெருவில் உட்காருவது என்று சண்டை வரும். வரட்டும். பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளை முதலில் கேட்போம்.