கூரைமேல் விளையும் மின்னுக்குக் கூலி கேட்பதா?

தன் கொல்லையில் காய்த்த கத்தரிக்காயைத் தன் அடுக்களையிலேயே ஆக்கியுண்பவனிடம், ‘சந்தைக்குச் செல்லும் சாலைக்கு ஆயம் செலுத்து’ என்று கேட்டால், கேட்பவனை அறிவுடையோன் என்போமா? கூரைமேல் கதிரொளி மின்னாற்றல் ஆக்கும் சிறுதொழிற் கூடத்தாரிடம் கேட்கப்பெற்றது இத்தகைய ஆயமே.

2021-இல் தமிழ்நாடு மின் ஒழுங்குமுறை ஆணையம் கூரை மின்னாக்கத்திற்கு விதிகள் வகுத்தது. அவற்றைத் தொடர்ந்து ‘வலையமைப்புக் கட்டணம்’ என ஒன்று சுமத்தப்பெற்றது. கம்பிவழிச் செல்லும் மின்னுக்கு மட்டுமன்று, கூரையில் ஆகிக் கூடத்திற்குள்ளேயே தீர்ந்துபோகும் மின்னுக்கும் அது கணக்கிடப்பெற்றது. சிறுதொழில் செய்வோர் கொதித்தெழுந்தனர். தொகை பெரிதா சிறிதா என்பதன்று நம் வழக்கு. அதன் அடிக்கருத்தே பிழை என்பதே நம் வழக்கு.

‘இரவிலும் மழைநாளிலும் எம் கம்பியைத்தானே நம்புகின்றனர்? அக்கம்பியைக் காக்கும் செலவை யார் ஏற்பது?’ என்பது மின்துறையார் வினா. நேர்மையான வினாவே. ஆயின் அதற்கென்றே தொழிற்கூடத்தார் தம் இணைப்பின் ஆற்றலுக்கேற்ப நிலைக்கட்டணம் செலுத்துகின்றனர். கம்பியில் ஏறியிறங்கும் அலகுக்கு மேலும் கேட்பினும் முறையெனலாம். கம்பியைத் தொடாத அலகுக்குக் கேட்பது எம்முறை?

இனி, அவர்கள் கூறும் மற்றொரு கரணியம், கூரை மின் மிகுந்தால் பகிர்மான வலை தாங்காது என்பது. இதில் உண்மை உண்டு. அதனை நாம் மறைக்கவில்லை. பழைய வலை, மின்மாற்றியினின்று கடைசி வீடுவரை ஒருவழியே பாயுமாறு அமைக்கப்பெற்றது. செல்லச் செல்ல அழுத்தம் குறையுமாதலின், தொடக்கத்தில் அழுத்தத்தைச் சற்றுக் கூட்டி வைப்பது வழக்கம். உச்சிவேளையில் கடைசி வீட்டுக் கூரையினின்று மின் எதிர்வழியே பாயுங்கால், அங்கே அழுத்தம் ஏறும். 230 வோல்ட்டு அளவினின்று நூற்றுக்குப் பத்து மிகின், மக்கள் ‘இன்வர்ட்டர்’ என்று வழங்கும் மாற்றுக்கருவி 2 நொடிக்குள் வலையினின்று விலகுதல் வேண்டும் என்பது நடுவண் மின் ஆணையத்தின் 2013-ஆம் ஆண்டு விதி. விலகினால் வெயில் வீண், வீட்டாருக்கு இழப்பு.

ஆயின் நோய் உண்டென்பது மருந்தில்லை என்பதாகுமா? மின்மாற்றியின் அழுத்தப் படியைத் தாழ்த்தி வைக்கலாம். மும்முனைகளிலும் கூரை மின்னைச் சமமாகப் பங்கிடலாம். அழுத்தம் ஏறுங்கால் தானே அதனைத் தணிக்குமாறு மாற்றுக்கருவிகளை அமைக்கக் கட்டளையிடலாம். மெல்லிய கம்பியை மாற்றிப் பருத்த கம்பி இடலாம். மின்மாற்றியருகே மின்கல அடுக்கு வைத்து, பகல் மின்னைச் சேர்த்து மாலையில் வழங்கலாம். தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2-இல் 20,830 மெகாவாட்டைத் தொட்டது. இத்தகு நாட்டில் நண்பகல் வெயிலைச் சுமையெனக் கருதுவது, மழையைக் கண்டு ஏரிக்கரை உடையுமென அஞ்சி வரத்துக் காலை அடைப்பதை ஒக்கும். கரையை வலுப்படுத்துவதன்றோ ஆள்வோர் கடமை?

பெருமுதலாளிக்கு மட்டும் வலை எவ்வாறு வளைந்து கொடுத்தது? 2016-இல் இராமநாதபுர மாவட்டம் கமுதியில் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் 648 மெகாவாட்டு நிலையத்தை அதானி குழுமம் எழுப்பியது. அதன் மின்னை அலகொன்றுக்கு 7 உருபா 1 காசு எனக் கொள்ள ஒப்பந்தமாயிற்று. அடுத்த ஆண்டே தமிழ்நாட்டு ஏலத்தில் விலை 3 உருபா 47 காசுக்கு இறங்கியது! அந்நிலையத்திற்கு வலையும் வழியும் கிடைத்தன. கூரைக்கோ கணக்கும் கட்டணமும் கிடைத்தன.

அறிவிப்புகளுக்குக் குறைவில்லை. 2012-ஆம் ஆண்டுக் கொள்கை 2015-க்குள் 3,000 மெகாவாட்டு என்றது, எட்டவில்லை. 2019-ஆம் ஆண்டுக் கொள்கை 2023-க்குள் 9,000 மெகாவாட்டு, அதில் நூற்றுக்கு நாற்பது நுகர்வோர் பங்கு என்றது. அப்பங்கில் பாதியும் எட்டவில்லை. நடுவணரசோ 2020 திசம்பரில் நிகர அளவீட்டை 10 கிலோவாட்டுக்குள் அடக்கியது. எதிர்ப்பெழவே அடுத்த சூனில் 500 ஆக்கியது. 2024-இல்தான் 10 கிலோவாட்டு வரை ஆய்வின்றி ஏற்கவும், 5 கிலோவாட்டு வரை வலையை வலுப்படுத்தும் செலவை வழங்குநரே ஏற்கவும் விதி வந்தது. நல்ல விதியே, ஆயின் எத்துணைத் தமிழர் அதனை அறிவர்? நெறிமுறைகள் ஆங்கிலத்தில், வீட்டுக்கூரைத் திட்டத்தின் பெயரோ இந்தியில்! ஞாயிறென்றும் கதிரென்றும் பரிதியென்றும் பகலவனென்றும் பெயரிட்டழைத்த இனத்திற்குத் தன் கூரை வெயிலின் உரிமை தன் மொழியில் கிடைக்கவில்லை.

நாம் கேட்பன இவை: ஒவ்வொரு மின்மாற்றியின் கொள்ளளவும், அதில் இணைந்த கூரை மின்னளவும், எஞ்சிய இடமும் பிரிவு அலுவலகந்தோறும் தமிழில் எழுதி வைக்கப்பெறல் வேண்டும். முந்தியவர்க்கே முழு இடமும் என்னும் நிலை மாறி, சிறு வீடுகளுக்கெனப் பங்கு ஒதுக்கப்பெறல் வேண்டும். கூரையில்லா ஏழையரும் வாடகைக் குடியினரும் பொதுவிடத்தில் கூட்டாக மின்னாக்கித் தத்தம் கணக்கில் கழித்துக்கொள்ள வழி வேண்டும். தில்லி இதற்கு 2019-இலேயே நெறி வகுத்தது. தன் வீட்டுக்குள் துய்க்கும் மின்னுக்கு எப்பெயரிலும் கட்டணம் கூடாது.

தமிழ்மக்கள் வாளாவிருப்பின் கேட்பாரிரார். மின்மாற்றியில் இடமில்லையென விண்ணப்பத்தைத் திருப்பினால், ‘எத்துணை இடம் இருந்தது? யார் கொண்டனர்?’ என எழுத்தில் கேளுங்கள்; தமிழிலேயே கேளுங்கள்; தமிழிலேயே விடை பெறுங்கள். நிலமும் நீரும் பறிபோனபின் விழித்தோம். வெயிலேனும் நம் கையினின்று நழுவுமுன் விழிப்போமாக!