பனி நிலவும் நம் பிள்ளைகளின் ஈமானும்



வியாழனின் நிலவாகிய கனிமீடில், பனிக்கட்டிக்கு அடியில் பெருங்கடல் இருக்கலாம் என்று வானியலார் கூறுகின்றனர். இத்தகைய செய்தி வெளியானதும், "இது 1400 ஆண்டுகளுக்கு முன்பே குர்ஆனில் உள்ளது" என்னும் குறிப்பு நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்துவிடுகிறது. மார்க்கத்தின் மீதுள்ள அன்பினாலேயே பலர் அதைப் பகிர்கின்றனர். ஆயினும், அது நம் பிள்ளைகளின் ஈமானை வலுப்படுத்துகிறதா என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கு நம் அருகிலேயே ஒரு படிப்பினை உண்டு. சேர்வராயன் மலையில், நாகலூரில் இருக்கும் நமக்கு வடகிழக்கே ஜவ்வாது மலை. அங்கே, வாணியம்பாடியை அடுத்த காவலூரில் வானாய்வகம் ஒன்று உள்ளது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி அங்கு நிறுவப்பட்டது. சில வாரங்களிலேயே, ஜூன் 7 அன்று, கனிமீடு ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தது. நிலவில் காற்று இல்லையெனில் விண்மீனின் ஒளி சட்டென அறுபடும். காற்று இருந்தால் படிப்படியாக மங்கும். காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் அந்த ஒளி அளக்கப்பட்டது. கனிமீடுக்குக் காற்று மண்டலம் உண்டு என்ற முடிவு 1973-இல் வெளியாயிற்று.

ஆனால் 1979-இல் வாயேஜர் விண்கலம் அருகே சென்று அளந்தபோது, முதலில் கணித்த அளவுக்கு அங்கே காற்று இல்லை எனத் தெரிந்தது. மிக மிக மெல்லிய ஆக்சிஜன் மட்டும் அங்கிருப்பதைப் பின்னாளில் ஹப்பிள் தொலைநோக்கி கண்டது. காவலூர் அறிஞர்களுக்கு இதில் இழுக்கில்லை. அளந்தார்கள், அறிவித்தார்கள், பின்னர் வந்த நுட்பமான அளவீடு அதைத் திருத்தியது. அறிவியல் நடைபோடும் முறையே அதுதான்.

இப்போது எண்ணிப் பாருங்கள். 1973-இல் ஒருவர் அந்தக் காற்று மண்டலத்தை ஓர் ஆயத்தோடு முடிச்சிட்டிருந்தால், 1979-இல் என்ன ஆகியிருக்கும்? பிழை நம் அவசர விளக்கத்தினுடையது, இறைவசனத்தினுடையது அன்று. ஆனால் கல்லூரி வாசலில் நிற்கும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு அந்த வேறுபாட்டை யார் சொல்வார்? முடிச்சு அவிழும்போது அவன் உள்ளத்தில் ஆயத்தும் சேர்ந்தல்லவா ஆட்டம் காணும்?

கனிமீடின் கடலையும் எவரும் கண்ணால் கண்டதில்லை. 5,268 கி.மீ. விட்டமுள்ள அந்நிலவு புதன் கோளினும் பெரியது. அதற்குத் தனிக் காந்தப்புலம் உண்டு என்பதை 1996-இல் கலிலியோ விண்கலம் கண்டறிந்தது. அதன் துருவ ஒளிகளின் அசைவை ஹப்பிள் மூலம் ஆராய்ந்தவர்கள், உள்ளே உப்புநீர் இருந்தால்தான் அசைவு இவ்வளவு குறையும் என 2015-இல் உய்த்துணர்ந்தனர். வலுவான சான்றுதான், ஆயினும் ஆய்வு முடியவில்லை. 2023-இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் ஜூஸ் விண்கலம் 2034-இல் கனிமீடைச் சுற்றத் தொடங்கும் என்பது திட்டம்.

செய்தியைச் சோதித்து ஏற்பது நமக்குப் புதிதன்று. யார் அறிவித்தார், யாரிடம் கேட்டார், அவர் நினைவாற்றல் எத்தகையது, வேறொருவர் அதை உறுதி செய்கிறாரா என்று ஹதீஸ் கலை வல்லுநர்கள் துருவித் துருவி ஆராய்ந்தனர். அந்த மரபின் வாரிசுகளாகிய நாம், கைப்பேசியில் வருவதை மட்டும் ஏன் விசாரிக்காமல் பகிர வேண்டும்?

திருக்குர்ஆன் நேர்வழி காட்டும் வேதம். வானங்களின் படைப்பைச் சிந்திக்குமாறு அது நம்மை அழைக்கிறது. தொலைநோக்கியின் சான்றிதழுக்காக அது காத்திருக்கவில்லை. ஆகவே பெற்றோரே, வியாழன் தெரியும் மாதங்களில் மஃரிபுக்குப் பின் உங்கள் ஆண்பிள்ளைகளையும் பெண்பிள்ளைகளையும் இருகண்நோக்கியோடு வெளியே அழைத்துச் செல்லுங்கள். வியாழனின் அருகே சிறு ஒளிப்புள்ளிகள் தெரியும். அவற்றுள் ஒன்று கனிமீடாக இருக்கலாம். மறுநாளும் பார்த்து, அவை இடம் மாறியிருப்பதைப் பிள்ளைகளே கண்டு சொல்லட்டும். பகிர்ந்து வந்த குறிப்பைப் படித்துச் சொல்லும் சுப்ஹானல்லாஹ்வை விட, தானே பார்த்து, அறிந்து சொல்லும் சுப்ஹானல்லாஹ் அவர்கள் நெஞ்சில் நெடுநாள் நிற்கும்.

பயனுள்ள கல்வியை அல்லாஹ் நமக்கும் நம் சந்ததிகளுக்கும் அருள்வானாக! ஆமீன்.